தேசியப் பூங்காக்களில் கோடைக் கூட்டம்: ஒரு பார்க்கிங் கணக்கு

அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குக் கோடையில் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி, "எப்போது போனால் கூட்டம் இருக்காது?" என்பதுதான். எந்தக் கூட்டம் என்று பிரித்துப் பார்த்தால்தான் இதற்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். நுழைவாயிலில் ஒரு கூட்டம், பார்க்கிங்கில் ஒரு கூட்டம், பஸ் வரிசையில் ஒன்று, நடைபாதையில் ஒன்று. நான்கும் வெவ்வேறு நேரத்தில் வரும், வெவ்வேறு காரணத்தால் வரும். இவற்றில் நம் நாளைக் கெடுப்பது பெரும்பாலும் பார்க்கிங்தான்.

2024-இல் தேசியப் பூங்கா சேவையின் கீழுள்ள இடங்களுக்கு மொத்தம் 33 கோடியே 18 லட்சம் வருகைகள். அதுவரை இல்லாத உச்சம். ஸயானுக்கு மட்டும் 49 லட்சத்துக்கு மேல், யெல்லோஸ்டோனுக்கு 47 லட்சம். இவ்வளவு பெரிய பூங்காக்களில் இத்தனை பேர் பரவி நின்றால் ஒருவரை ஒருவர் பார்க்கவே மாட்டார்கள். ஆனால் யாரும் பரவி நிற்பதில்லை. யோசெமிட்டிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் போய்ச் சேர்வது சுமார் 7 மைல் நீளமும் ஒரு மைல் அகலமும் உள்ள பள்ளத்தாக்குக்கு. பூங்காவின் பரப்பில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. ஸயானில் எல்லோருக்கும் வேண்டியது ஆறேழு மைல் நீளமுள்ள ஒரே ஒரு குறுகிய பள்ளத்தாக்கு. ஆர்ச்சஸ் பூங்காவுக்குள் போகவும் வரவும் ஒரே சாலை, வாயிலிலிருந்து கடைசிவரை 18 மைல். ஏக்கர் கணக்கைப் பார்த்து "அவ்வளவு பெரிய இடத்தில் கார் நிறுத்தவா இடம் கிடைக்காது?" என்று நினைப்பதில்தான் திட்டம் பிசகத் தொடங்குகிறது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பிரபலமான ஒரு நடைபாதையின் தொடக்கத்தில் 200 கார் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போய்த் திரும்ப சராசரியாக 3 மணி நேரம். காலை 6 மணி முதல் மணிக்கு 120 கார் வருகிறது. 7:40-க்கு இடம் நிரம்பிவிடும். 6 மணிக்கு வந்த முதல் ஆள் திரும்பி வந்து காரை எடுக்கும்போது மணி 9. ஆக 7:40 முதல் 9 மணிவரை ஒரு கார்கூட வெளியே போகாது. 8 மணிக்கு வந்து, "இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமே, சுற்றினால் ஒன்று கிடைக்காதா" என்று வட்டமடிப்பவருக்குக் கிடைக்காது. கிடைக்க வழியே இல்லை. காலை நேரத்தில் மிகவும் வீணான நேரம் இந்த இடைவெளிதான். 6:30-க்கு வந்தவருக்கும் 8 மணிக்கு வந்தவருக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், ஆனால் ஒருவர் நாள் முழுக்க நன்றாக இருப்பார், இன்னொருவர் காருக்குள்ளேயே இருப்பார்.

அதே கணக்கின் இன்னொரு பக்கம்: 200 இடம், 3 மணி நேரம் என்றால் நாள் முழுக்கச் சராசரியாக மணிக்கு 66, 67 புதுக் கார்களுக்குத்தான் அங்கே வழி. வருவதோ 120. மீதி ஐம்பத்துச் சொச்சம் கார்கள் ஒவ்வொரு மணி நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும், சாலையோரம் ஏறி நிற்கும், அல்லது அடுத்த இடத்துக்குப் போய் அதையும் நிரப்பும். கிளேசியரில் லோகன் கணவாய் இதற்கு நல்ல உதாரணம். 50 மைல் நீளமுள்ள கோயிங்-டு-த-சன் சாலையின் உச்சியில், 6,646 அடி உயரத்தில், எல்லோரும் இறங்கிப் பார்க்க விரும்பும் ஒரே இடம். ஜூலை, ஆகஸ்டில் அந்த பார்க்கிங் விடிந்த சிறிது நேரத்திலேயே நிரம்பிவிடும். பத்து மணிக்கு அங்கே போய்ச் சேரும்படி திட்டம் போட்டால் சாலையைப் பார்க்கலாம், கணவாயைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம்.

இதிலிருந்து எல்லோரும் எடுத்துக்கொள்ளும் பாடம் "விடியற்காலையில் போ" என்பது. சரிதான், ஆனால் எல்லோரும் அதையே படித்துவிட்டு வருவதால் விடியற்காலையும் இப்போது அவ்வளவு காலியாக இருப்பதில்லை. சிறு குழந்தைகளையோ வயதானவர்களையோ 4 மணிக்கு எழுப்பி, 5:30-க்கு டிரெயில்ஹெட்டில் (நடைபாதைத் தொடக்கத்தில்) நிறுத்துவது காகிதத்தில் எளிது. என் சிபாரிசு மாலை 4 மணிக்கு மேல். காலையில் வந்தவர்கள் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் திரும்பும் நேரம் அது. கார்கள் வெளியே போகும், உள்ளே வருவது குறைந்திருக்கும். ஜூன் கடைசியில் யெல்லோஸ்டோனிலும் கிளேசியரிலும் இரவு 9 மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். நான்கு மணிக்கு ஆரம்பித்தாலும் வெளிச்சம் ஐந்து மணி நேரம் மிச்சமிருக்கிறது.

மாலை எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ராக்கி மவுண்டனில் மரம் வளரும் உயர எல்லைக்கு மேலே போகும் பாதைகளில் கோடை மதியங்களில் இடி மின்னல் வழக்கம். அங்கே காலைதான், மதியத்துக்குள் இறங்கிவிட வேண்டும். ஆர்ச்சஸில் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்குப் போகும் பாதை போய்வர 3 மைல், 480 அடி ஏற்றம், வழியில் நிழலே கிடையாது. ஜூலையில் 4 மணிக்குப் பாறை கொதித்துக்கொண்டிருக்கும். ஆறரைக்கு மேல் ஏறலாம், ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், திரும்பும்போது இருட்டும் என்பதால் ஆளுக்கொரு ஹெட்லேம்ப். செல்போன் டார்ச்சை நம்பி இறங்குபவர்களுக்கு ஒரு கை எப்போதும் போனிலேயே மாட்டிக்கொள்கிறது. சரிவான பாறையில் இரண்டு கையும் வேண்டும்.

அடுத்தது வாயில். ஒரு கட்டணக் கூண்டில் ஒரு காருக்கு 40 வினாடி என்றால் மணிக்கு 90 கார். உங்களுக்கு முன்னால் 60 கார் நின்றால் 40 நிமிடம். அந்த 40 வினாடி ஒன்றரை நிமிடமாவது எதனால்? பாஸ் எங்கோ பையில் இருக்கும், அடையாள அட்டை பின்சீட்டில் இருக்கும், முன்பதிவு கியூஆர் குறி மின்னஞ்சலில் இருக்கும், மின்னஞ்சல் திறக்காது. திறக்காததற்குக் காரணம் எளிமையானது: பல பூங்கா வாயில்களில் சிக்னல் இல்லை, அல்லது வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் ஒரே கோபுரத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். முந்தின இரவே கியூஆர் குறியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தேசியப் பூங்கா சேவையின் ஆப்பில் அந்தப் பூங்காவை ஆஃப்லைனில் பதிவிறக்கும் வசதி உண்டு. அதையும் விடுதி வைஃபையிலேயே முடித்துவிடுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட வாயில் இருந்தால் கூட்டம் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது நல்ல லாபம். கிராண்ட் கேன்யன் தென்விளிம்புக்கு எல்லோரும் தெற்கு வாயிலில் குவிகிறார்கள்; டெசர்ட் வியூ பக்கமுள்ள கிழக்கு வாயிலில் அவ்வளவு நெரிசல் இல்லை. யெல்லோஸ்டோனுக்கு ஐந்து வாயில்கள், அதில் மேற்குதான் அதிகம் அடைபடும். ஆர்ச்சஸில் இந்த வித்தை பலிக்காது.

இப்போது நேரச் சீட்டு: சில பூங்காக்களில் எந்த நேரத்துக்குள் நுழைவோம் என்று முன்கூட்டியே பதிவு செய்து வாங்க வேண்டிய சீட்டு. இதில் நடக்கும் குழப்பங்கள்தான் அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாக.

முதலில், வருடாந்திர பாஸ் வேறு, நேர முன்பதிவு வேறு. பாஸ் நுழைவுக் கட்டணத்துக்கு மட்டும். முன்பதிவு தேவைப்படும் இடத்தில் பாஸை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது, விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். யோசெமிட்டியில் 2020 முதல் 2022 வரை முன்பதிவு முறை இருந்தது, 2023-இல் எடுத்துவிட்டார்கள், 2024-இல் மீண்டும் கொண்டுவந்தார்கள். போன வருடம் போய்வந்த நண்பர் சொன்னது இந்த வருடத்துக்குப் பொருந்தும் என்று நம்பக் கூடாது. அந்தந்தப் பூங்காவின் அதிகாரப்பூர்வப் பக்கத்தைப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பு ஒரு முறை, முந்தின வாரம் ஒரு முறை பாருங்கள்.

மூன்றாவது, சரியான சீட்டை வாங்க வேண்டும். ராக்கி மவுண்டனில் இரண்டு வகை இருந்துவந்திருக்கிறது: பேர் லேக் என்ற ஏரிக்குப் போகும் சாலையையும் சேர்த்து ஒன்று, அது இல்லாமல் ஒன்று. எளிதாகக் கிடைக்கிறதே என்று இரண்டாவதை எடுத்தவர், தான் பார்க்க வந்த ஏரிக்கே போக முடியாது. பேர் லேக் வகைக்குக் காலை 5 முதல் மாலை 6 வரையும் மற்றதற்குக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரையும் சீட்டு கேட்பார்கள். அந்த நேரத்துக்கு வெளியே வந்தால் வேண்டாம். விளைவு எதிர்பார்த்ததுதான்: 5 மணிக்கு ஐந்து நிமிடம் முன்னால் அங்கே ஒரு தனி நெரிசல்.

நான்காவது, எல்லாச் சீட்டும் ஒரே நாளில் விற்பனைக்கு வராது. "மூன்று மாதம் முன்பே தீர்ந்துவிட்டது" என்று பயணத்தையே கைவிடுபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள். அகேடியாவில் கெடிலக் மலைச் சாலைக்கு 30 சதவீதம் 90 நாள் முன்பும், மீதி 70 சதவீதம் இரண்டு நாள் முன்பு காலை 10 மணிக்கும் திறப்பது வழக்கம். பெரும்பங்கு கடைசி நேரத்தில்தான் வருகிறது. ஹவாயில் ஹலேயகலா மலை உச்சியில் சூர்யோதயம் பார்க்க 2017 முதல் முன்பதிவு; அதிலும் 60 நாள் முன்பு ஒரு பங்கு, இரண்டு நாள் முன்பு இன்னொரு பங்கு. ராக்கி மவுண்டனில் முந்தின நாள் இரவு 7 மணிக்கு ஒரு பகுதியை விடுவார்கள்.

பதிவு செய்யும் முறை இது. ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் கணக்கை ஒரு வாரம் முன்பே தொடங்கி, கடன் அட்டையைச் சேமித்துவிடுங்கள். திறக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பு உள்நுழைந்து, தேதியையும் ஆட்களின் எண்ணிக்கையையும் தேர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது என மூன்று நேரங்களைத் தாளில் எழுதி வையுங்கள். முதல் சில வினாடிகளில் யோசிக்க நேரமில்லை. எல்லோரும் பாய்வது காலை 8, 9 மணிச் சீட்டுகளுக்கு, அதனால் பிற்பகல் நேரத்தைக் குறிவைத்தால் கிடைக்கும் வாய்ப்பு கூடும். கூடையில் போட்டபின் பணம் கட்டச் சில நிமிட அவகாசம் உண்டு, பதற வேண்டாம். கிடைக்கவில்லையா? பதினைந்து இருபது நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். பணம் கட்டாமல் விட்ட கூடைகள் அப்போது திரும்பி வரும். திறக்கும் நேரம் பூங்கா இருக்கும் நேர மண்டலத்தின்படி. கலிபோர்னியாவில் இருந்துகொண்டு அகேடியாவுக்குப் பதிபவருக்கு அந்த 10 மணி என்பது காலை 7.

நேர மண்டலம் சாலையிலும் காலை வாரும். அரிசோனாவில் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, யூட்டாவில் மாற்றுவார்கள். கிராண்ட் கேன்யனிலிருந்து ஸயானுக்கு ஓட்டினால் கோடையில் ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். எல்லையோர ஊர்களில் போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மாநில நேரத்தைக் காட்டும். ஒரு மணி நேரத்துக்குள் நுழைய வேண்டும் என்று பதிவு செய்திருப்பவருக்கு இது விளையாட்டு இல்லை.

ஸயானை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டிலிருந்து அங்கே இலவச ஷட்டில் பஸ். பஸ் ஓடும் மாதங்களில் பள்ளத்தாக்குச் சாலையில் தனியார் கார்களுக்கு அனுமதி இல்லை. பஸ்ஸுக்குச் சீட்டு தேவையில்லை. பிரச்சினை, பார்வையாளர் மையத்தின் பார்க்கிங் காலை 8, 9 மணிக்குள் நிரம்பிவிடும் என்பது. அதற்குமேல் ஸ்பிரிங்டேல் ஊரில் காசு கொடுத்து நிறுத்திவிட்டு, ஊர் ஷட்டிலில் வந்து, நடையாக வாயிலைக் கடக்க வேண்டும். இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கும்: நடந்து நுழைபவரிடமும் பாஸ் கேட்பார்கள், பாஸோ ஊரில் நிற்கும் காருக்குள் இருக்கும்.

உள்ளே வந்தபின் காலையில் முதல் நிறுத்தத்தில் நீண்ட வரிசை. முன்னால் 300 பேர், ஒரு பஸ்ஸில் 60 பேர், ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் கிட்டத்தட்ட 40 நிமிடம். மாலையில் இதே வரிசை மறுமுனைக்கு மாறிவிடும்: நேரோஸ் ஆற்று நடை முடித்த அத்தனை பேரும் ஈரக் காலணியோடு கடைசி நிறுத்தமான ஒன்பதாவதில் நிற்பார்கள். கடைசி பஸ்ஸைக் குறிவைக்காமல் அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே அங்கே வந்துவிடுங்கள். விட்டால் ஏழெட்டு மைல் நடை. சைக்கிள் ஓட்ட முடிந்தவர்களுக்கு இந்த வரிசை எதுவும் இல்லை. காரில்லாத அந்தச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி உண்டு. பின்னால் பஸ் வந்தால் ஓரமாக நின்று வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.

ஸயானின் செங்குத்தான பாறை முனையான ஏஞ்சல்ஸ் லேண்டிங்குக்கு 2022 ஏப்ரல் முதல் அனுமதிச் சீட்டு வேண்டும். குலுக்கல் முறை. பருவத்துக்கு ஒரு குலுக்கல் உண்டு. அது தவறினால் முந்தின நாள் நள்ளிரவு கடந்ததிலிருந்து பிற்பகல் 3 மணிவரை விண்ணப்பித்து, 4 மணிக்கு முடிவு பார்க்கலாம். விண்ணப்பத்துக்கு 6 டாலர், கிடைத்தால் ஆளுக்கு 3 டாலர். கிடைக்காவிட்டாலும் ஸ்கவுட் லுக்அவுட் வரை ஏறலாம், சீட்டு அதற்குமேல் சங்கிலியைப் பிடித்து ஏறும் பகுதிக்குத்தான்.

யெல்லோஸ்டோனில் கூட்டம் வேறு விதம். ஓல்ட் ஃபெய்த்ஃபுல் என்ற வெந்நீர் ஊற்று ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை பொங்கும். அடுத்த முறை எப்போது என்று பத்து நிமிடம் முன்பின்னாக அறிவித்துவிடுவார்கள். பொங்கி முடிந்த அடுத்த நிமிடம் ஆயிரக்கணக்கானோர் ஒன்றாக எழுந்து காருக்குப் போகிறார்கள், அந்தக் கார்கள் ஒன்றாக வடக்கே ஓடி, சில மைலில் கிராண்ட் பிரிஸ்மாட்டிக் வெந்நீர்க்குளத்தின் சின்ன பார்க்கிங்கை அடைக்கின்றன. அலை அடிப்பதுபோல ஒவ்வொரு ஒன்றரை மணி நேரத்துக்கும் இது நடக்கும். அந்த அலையில் ஏறாமலிருப்பதுதான் தந்திரம். பொங்கியதும் காரைத் தொடாதீர்கள். மரப்பலகைப் பாதையில் மார்னிங் குளோரி குளம் வரை நடந்து திரும்புங்கள். ஏறத்தாழ 3 மைல், வழியெல்லாம் வேறு ஊற்றுகள். திரும்பும்போது அடுத்த பொங்கலுக்கான கூட்டம் உட்கார்ந்துகொண்டிருக்கும், அவர்கள் எழுவதற்கு முன் கிளம்பிவிடலாம். கிராண்ட் பிரிஸ்மாட்டிக்கின் நிறங்கள் முழுதாகத் தெரிவது ஃபேரி ஃபால்ஸ் பக்கத்து மேட்டிலிருந்துதான். காலைக் குளிரில் ஆவி மூடிக்கொள்ளும், அதனால் இந்த ஒன்றுக்கு மட்டும் வெயில் ஏறியபின் போகலாம்.

அங்கே இன்னொரு நெரிசல் காட்டெருமை. சாலையில் இறங்கினால் நகரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அன்றைய திட்டத்தில் ஒரு மணி நேரம் இதற்கென்றே சும்மா ஒதுக்கி வையுங்கள். கரடியைப் பார்த்து நடுச்சாலையில் காரை நிறுத்துபவர்தான் பின்னால் இரண்டு மைல் வரிசையை உண்டாக்குகிறார். ஒதுங்கும் இடத்தில் முழுதாக ஏற்றி நிறுத்த முடிந்தால் நில்லுங்கள், இல்லையென்றால் மெதுவாகக் கடந்துவிடுங்கள். கரடி, ஓநாய்க்கு 100 கெஜம், மற்ற விலங்குகளுக்கு 25 கெஜம் தூரம் கட்டாயம்.

கிரேட் ஸ்மோக்கியின் கேட்ஸ் கோவ் சாலையிலும் இதே கதை. 11 மைல் சுற்றுச் சாலை, ஒருவழி, ஒரே தடம். உச்ச நாட்களில் 4 மணி நேரம்கூட ஆகும். முழுச் சுற்றும் வேண்டாம் என்று தோன்றினால் ஸ்பார்க்ஸ் லேன், ஹயாட் லேன் என்று நடுவில் இரண்டு குறுக்குச் சாலைகள் உண்டு, அவற்றில் திரும்பி வெளியேறலாம். மே முதல் செப்டம்பர் வரை புதன்கிழமைகளில் காருக்கு அனுமதியில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் அதுதான் சிறந்த நாள். இந்தப் பூங்காவில் நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆனால் 2023 மார்ச் முதல் 15 நிமிடத்துக்கு மேல் நிறுத்த பார்க்கிங் வில்லை வாங்க வேண்டும்.

"பிரபலமில்லாத பூங்காவுக்குப் போங்களேன்" என்ற அறிவுரை எங்கும் கிடைக்கும். முதல் தடவை வருபவருக்கு அது பயன்படாது என்பது என் கருத்து. டெலிகேட் ஆர்ச்சைப் பார்க்க இரண்டு விமானம் மாறி வந்தவர் வேறொரு பாறையைப் பார்த்துவிட்டுத் திருப்தியடைய மாட்டார். பிரபலமான ஒன்றை விடியலிலோ அந்தியிலோ பாருங்கள். 10 முதல் 4 வரை அதே பூங்காவின் ஆளில்லாத மூலைக்குப் போங்கள். ஸயானில் நெடுஞ்சாலையிலிருந்தே தனி வழியுள்ள கோலப் கேன்யன்ஸ், யோசெமிட்டியில் ஹெட்ச் ஹெட்சி, அகேடியாவில் ஸ்கூடிக் தீபகற்பம் எல்லாம் அதற்கானவை.

இடம் கிடைக்காத கோபத்தில் சாலையோர மண்ணில் ஏற்றி நிறுத்துவது மட்டும் வேண்டாம். அபராதம் ஒரு பக்கம். ஆர்ச்சஸ் போன்ற பாலைவனத்தில் கறுப்பாக, கரடுமுரடாகத் தெரியும் மேல்மண் உயிருள்ளது. நுண்ணுயிர்களும் பாசிகளும் சேர்ந்து மணலைப் பிடித்துவைத்திருக்கும் தோல் அது. ஒரு டயர் தடம் ஆறப் பல பத்தாண்டுகள் ஆகும். அந்தத் தடத்தைப் பார்த்து அடுத்த கார் அங்கேயே ஏறும்.

மீதி எல்லாம் சில்லறை. பெட்ரோலை வெளியூரிலேயே நிரப்புங்கள். யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குள் பங்க் கிடையாது. மதியச் சாப்பாட்டைக் காரில் எடுத்துப் போங்கள். சாப்பிட வெளியே போனால் பார்க்கிங் இடம் போய்விடும், திரும்பி வந்து வாயில் வரிசையிலும் மறுபடி நிற்க வேண்டும். கழிப்பறையை வாயிலுக்கு முந்தைய ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், டிரெயில்ஹெட்டில் காகிதம் தீர்ந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு ஒரு சுருளும் கைச்சுத்திகரிப்பானும் காரில் வையுங்கள். காரை நிறுத்தியதும் சுற்றுப்புறத்தை ஒரு படம் எடுத்துவிடுங்கள். மாலையில் 200 வெள்ளை வாடகைக் கார்களுக்கு நடுவே உங்களுடையதைத் தேடும்போது அது உதவும்.